கியர் ஆயில் இறக்கிய நாள்

2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பதினேழாம் நாள், திங்கட்கிழமை, ஆவணி முதல் தேதி. ஆடி முடிந்ததை அறியாத மேல்காற்று அன்றும் செம்மண்ணை வாரிக்கொண்டு வந்து உடையனேரியின் கூரைகளிலும் சோற்றுப் பானைகளிலும் மனிதர்களின் கண்ணிமைகளிலும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டிருந்தது. வானத்தில் மேகம் இருந்தது, மழை இல்லை. அன்று காலை, பேருந்து நிலையத்தை ஒட்டிய லூர்துராஜின் ஒர்க் ஷாப்பில், வாடகைக் கார் ஓட்டும் தவசிக்கனியின் வெள்ளை அம்பாசடருக்கு ஆயில் மாற்றியபோது, இறங்கிய ஆயில் பேசியது.

காரைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி, சற்று நேரம் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி, அடியிலிருந்த போல்ட்டை லூர்துராஜ் திருகிக் கழற்றியதும், கறுத்த ஆயில் கயிறுபோல நீண்டு தகர டப்பாவில் விழ, அதன் நடுவிலிருந்து கிராம அதிகாரியின் மனைவியுடைய குரல் தெளிவாக எழுந்தது: “இந்தக் கார்ல போறதுக்கு நடந்தே போயிருக்கலாம். இடுப்பு ரெண்டா பிளந்துட்டு.”

லூர்துராஜ் டப்பாவைச் சற்று நகர்த்தி வைத்தான்.

“எத்தன மாசமா மாத்தாம ஓட்டுனிய அண்ணாச்சி?”

“தை மாசம் மாத்துனது வே.”

“பொறவு பேசாம என்ன செய்யும்?”

தவசிக்கனியும் அதை ஒப்புக்கொண்டார். ஆயில் தொடர்ந்து, பெண் பார்க்க வந்து திரும்பிய வெளியூர்க்காரர்களின் குரலில், பெண்ணுக்குப் பல் எடுப்பு என்றும் கேசரி மட்டும் அருமை என்றும் சொன்னது. அந்தப் பெண்ணின் தகப்பன் அப்போது எதிர்க்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். குடித்த மிச்சத்தைக் கீழே ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போனான். கடைசிச் சொட்டு விழுந்ததும் பேச்சு நின்றது. ஒருமுறை பேசிய ஆயில் மறுமுறை பேசவில்லை. லூர்துராஜ் போல்ட்டை முடுக்கி, ஃபில்டரை மாற்றி, புது ஆயிலை ஊற்றி, அளவுக்கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டெடுத்து, இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நிற்கிறது என்று காட்டினான்.

உடையனேரி வியப்பதற்கு நேரம் செலவழிக்கும் ஊர் அன்று. கிடைத்ததை எப்படிப் பயன்படுத்துவது என்றே அது எப்போதும் யோசிக்கும். அடுத்த முறை ஆயில் இறக்கியபோது தேநீர்க்கடை பள்ளத்தின் ஓரத்துக்கு இடம்பெயர்ந்திருந்தது. அதற்கடுத்த முறை கோயில் கமிட்டி நாற்காலி கொடுத்தது. பெண்கள் ஒருபுறமும் ஆண்கள் ஒருபுறமும் அமர வேண்டும் என்று யாரும் சொல்லாமலே வழக்கம் உண்டாயிற்று. ஆயில் கறுத்துவிட்டது, இறக்கலாம் என்று லூர்துராஜ் சொல்லும் நாளே ஊரின் நல்ல நாள் ஆயிற்று. காரில் ஏறுவோர் சிலர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு கைச்சாடையால் பேசினார்கள். சிலரோ பேசுவதற்கென்றே காரை அமர்த்தினார்கள். மாமியார் ஒருத்தி திருச்செந்தூருக்குப் போகிற சாக்கில் வழிநெடுகத் தன் மருமகளின் குறைகளை ஒன்றுவிடாமல் முன் இருக்கைக்குச் சொல்லிவிட்டு, முருகனைப் பார்க்காமலே திரும்பினாள். ஊராட்சித் தலைவரும் அரிசி ஆலை முதலாளியுமான வைகுண்டம் வாரம் ஒருமுறை பின் இருக்கையில் தனியாக அமர்ந்து, “உடையனேரிக்குத் தண்ணி கொண்டாந்தது ஆரு? வைகுண்டம்! ரோடு போட்டது ஆரு? வைகுண்டம்!” என்று தன் குரலை மாற்றிக்கொண்டு தானே கேட்டுத் தானே விடைசொல்லி வந்தார். வழக்கு என்று வந்தால் கோயிலில் சத்தியம் செய்யும் முறை ஒழிந்து, காரில் ஏற்றிச் சத்தியம் வாங்கும் முறை வந்தது.

தையல்காரர் பூலோகத்தின் செய்தி வெளிப்பட்டதும் அப்படித்தான். அவர் தம் தம்பியிடம், தமக்கு வந்திருக்கும் நோயின் பெயரை, கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு, மிகத் தாழ்ந்த குரலில் சொல்லியிருந்தார். ஆயில் அதே தாழ்ந்த குரலில் சொன்னபடியால், அதைக் கேட்க ஊரே மூச்சை அடக்கிக்கொள்ள நேர்ந்தது. மறுநாள் முதல் அவருடைய கடைக்குத் துணி வரவில்லை. தைத்து வைத்திருந்தவற்றையும் யாரும் வாங்க வரவில்லை. பொங்கலுக்கு முன் அவர் ஊரைவிட்டுப் போனபோது, அவர் தைத்த சட்டைகளை அணிந்திருந்தவர்கள் அவற்றைக் கழற்றிக் குப்பையில் போட்டுக் கொளுத்தினார்கள். “நாம என்ன செய்ய? ஆயிலுல்லா சொல்லுச்சு” என்றார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் தவசிக்கனிக்கு மாலை போட்டார்கள். திருவிழாவில் முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். ஆனால் உறக்கத்தில் அவருடைய வலக்கை கியர் போடுவதுபோல் அசைவதை அவர் மனைவி பார்த்தாள்.

வண்டியோட்டிகளிடம் பழைய பழக்கம் ஒன்று உண்டு. எஞ்சின் ஆயிலைக் காலந்தோறும் மாற்றுவார்கள். கியர் பாக்ஸ் ஆயிலை மாற்ற மாட்டார்கள். மாற்றினால் பழகிய பற்கள் கோபித்துக்கொண்டு இரைச்சல் போடும் என்பது அவர்கள் நம்பிக்கை. பக்கவாட்டு அடைப்பைக் கழற்றி, துளைக்குள் விரலை விட்டுப் பார்த்து, நுனியில் ஈரம் பட்டால் போதும் என்று மூடிவிடுவார்கள். குறைந்திருந்தால் அந்தக் குறையை மட்டும் நிரப்புவார்கள். ஆகவே, கார் வந்த ஆண்டு ஊற்றிய ஆயில் அதன் வயிற்றிலேயே கிடந்தது. அதற்குள் பதினோராண்டுக்கு முந்தைய ஒரு பிற்பகலும் கிடந்தது என்பதைத் தவசிக்கனி ஒருவரே நினைத்துப் பார்த்திருந்தார்.

அந்தப் பிற்பகலில் வைகுண்டத்தின் மருமகள் பொன்மலர் ஆலை மாடிப்படியிலிருந்து விழுந்தாள் என்று அவரைக் கூப்பிட்டார்கள். அவளைப் பின் இருக்கையில் கிடத்தி, பக்கத்தில் வைகுண்டம் அமர்ந்தார். உயிர் இருந்தது, பேச்சும் இருந்தது. தள்ளியது யார் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிடக்கூடிய அளவுக்குப் பேச்சு இருந்தது. நேர்வழியில் அரை மணி நேரத்தில் சேர்ந்துவிடும் தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கார் விளக்கு வைத்த பிறகே போய்ச் சேர்ந்தது; அதற்குள் அவள் உயிர் போயிருந்தது. வழியில் டயர் பஞ்சர் என்று தவசிக்கனி எல்லாரிடமும் சொன்னார். சுற்றுவழியில் போனோம் என்பது அவருக்குத் தெரியும். சுற்றுவழியில் போகலாம் என்று சொன்னது யார் என்பதுதான் அவருக்குத் தெளிவில்லை. முதலாளி சொன்னார், நான் ஓட்டினேன் என்று பதினோராண்டாகத் தமக்குத் தாமே சொல்லி, அந்த வாக்கியத்தைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கி வைத்திருந்தார். ஆயில் பேசினால் அந்த வாக்கியம் நிற்குமா, உடையுமா என்பதே அவருடைய கவலை.

பொன்மலரின் தாய் வெள்ளத்தாய் உப்பளத்தில் உப்பு வாருகிறவள். ஒருநாள் பகல் உணவுநேரத்தில், கால்களில் உப்பு வெடிப்போடு ஒர்க் ஷாப்புக்கு வந்தாள். கூட்டம் இல்லை. லூர்துராஜ் காரின் அடியில் இருந்தான்; தவசிக்கனி வெளியே நின்றார்.

“தம்பி, எஞ்சின் ஆயிலத்தான மாத்துதிய? இந்தக் காருல வேற ஆயில் கெடையாதா?”

“கியர் பாக்ஸ்ல உண்டு யக்கா,” என்றான் லூர்துராஜ் பள்ளத்திலிருந்து.

“அத எப்ப மாத்துனிய?”

“அத மாத்த மாட்டோம். வெரல விட்டுப் பாப்போம், அவ்வளவுதான்.”

“அப்பம் விட்டுப் பாரு.”

தவசிக்கனி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். எந்தக் காரணத்தைச் சொல்வது என்று தேடுவதற்குள் லூர்துராஜ் அடைப்பைக் கழற்றி விரலை விட்டுவிட்டான். விரலை வெளியே எடுத்தபோது நுனியில் தேன்நிறத்தில் ஒரு துளி ஒட்டியிருந்தது. அந்தத் துளி, இளம்பெண் ஒருத்தியின் குரலில், “அண்ணே” என்று கூப்பிட்டது. அவ்வளவுதான். பிறகு வழிந்து அவன் உள்ளங்கையில் இறங்கி ஊமையாயிற்று.

லூர்துராஜ் கையை விரித்தபடியே நின்றான். வெள்ளத்தாய் அழவில்லை, பள்ளத்தின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்து, பார்த்தாள்.

“எம்மவ,” என்றாள். “மிச்சத்தையும் இறக்கு.”

செய்தி பொழுது சாய்வதற்குள் ஊரைச் சுற்றி வந்தது. பெற்றவளுக்கு நியாயம் வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். கியர் ஆயிலின் பேச்சு எப்படி இருக்கும், கனமாக இருக்குமா என்று அறியும் ஆசை எல்லாருக்கும் இருந்தது. தடுத்தால் சந்தேகம் தம்மேல் விழும் என்பதை வைகுண்டம் உடனே புரிந்துகொண்டார். ஊர்க்கூட்டத்தில் எழுந்து, “தாராளமா இறக்குங்க. எம் மருமவ கொரலு எனக்கும் கேக்கணும்னு இருக்காதா? சும்மா இறக்கப்பிடாது, மரியாதையா மேளத்தோட இறக்கணும். செலவு என்னோடது” என்றார். கூட்டம் கைதட்டியது. நாள் குறித்தார்கள்.

அதற்கு முந்திய நாள் உச்சிவெயிலில் தவசிக்கனி காரை ஊருக்கு வெளியே தேரிக்காட்டுக்கு ஓட்டிச்சென்று, ஸ்பேனரோடு அடியில் புகுந்தார். கியர் பாக்ஸின் அடி போல்ட்டில் ஸ்பேனரைப் பொருத்திப் பாதிச் சுற்றும் சுற்றினார். அதற்குமேல் கை ஓடவில்லை. இங்கே திறந்தால் ஊர் கேட்காது, மண் குடித்துவிடும். ஆனால் கேட்கிற காது ஒன்று இருக்கும், அது தம்முடையதாக இருக்கும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. போல்ட்டைப் பழையபடி முடுக்கிவிட்டு, முதுகெல்லாம் செம்மணலோடு வீடு வந்து சேர்ந்தார்.

குறித்த நாள் காலையில் லூர்துராஜ் தொழில்முறையைச் சொன்னான்.

“கெட்டி ஆயிலு அண்ணாச்சி. சூடானாத்தான் இறங்கும். எல்லாக் கியரும் விழுற மாதிரி நல்லா ஒரு ஓட்டம் ஓட்டிட்டு வாங்க.”

“நானும் போறேன்,” என்றாள் வெள்ளத்தாய். “வழியில கொட்டிருவான்.”

கூட்டம் சிரித்தது. “பஞ்சர் ஆயிராம பாத்துக்கிடும் வே!” என்று ஒருவன் குரல் கொடுக்க, சிரிப்பு இன்னும் பெருத்தது. அவள் பின் கதவைத் திறந்து, தன் மகளைக் கிடத்தியிருந்த இருக்கையில் அமர்ந்தாள்.

கார் ஊர் எல்லையைத் தாண்டியது. பிறகு அவள், “அன்னைக்கு எந்த வழியா போனியளோ அதே வழியா ஓட்டு” என்றாள். உப்பளச் சாலை இடப்பக்கம் பிரிந்தது. தவசிக்கனியின் கைகள் அந்தப் பக்கம் திரும்ப நினைத்தன. அவர் நேரே ஓட்டினார்.

“இதுதானா?”

“ஆமா.”

இருபுறமும் வாழைத்தோட்டங்கள் ஓடின. கார் ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. பள்ளிக்கூடம் ஒன்று, ரேஷன் கடை ஒன்று, பிறகு ஆஸ்பத்திரியின் மஞ்சள் மதில் வந்துவிட்டது. வெள்ளத்தாய் வெளியே எட்டிப் பார்த்தாள்.

“என்ன, அதுக்குள்ள வந்துட்டு?”

தவசிக்கனி காரை மதிலோரம் நிறுத்தினார்.

“மத்தியானம் ஏத்துனவளத்தான வெளக்கு வச்சப்புறம் கொண்டு சேத்திய?”

“பஞ்சரு யக்கா. ஸ்டெப்னியிலயும் காத்து இல்ல.”

“சரி, திருப்பு,” என்றாள்.

திரும்பி வந்தபோது ஒர்க் ஷாப்பைச் சுற்றி நிற்க இடமில்லை. பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆள்கள் வந்திருந்தார்கள். வைகுண்டம் வரவழைத்திருந்த நையாண்டி மேளக்காரர்கள் பள்ளத்தின் இருபுறமும் நின்றார்கள். தவில் இரண்டு, பம்பை இரண்டு, உறுமி ஒன்று, நாதசுரம் இரண்டு. எஞ்சின் ஆயில் இறக்கும்போது மேளம் வைக்கும் வழக்கம் இல்லை என்பதை எல்லாரும் அறிவார்கள், ஒருவரும் சொல்லவில்லை. முன்வரிசை நாற்காலியில் வைகுண்டம் சந்தனம் பூசி அமர்ந்திருந்தார்.

லூர்துராஜும், விளக்குப் பிடிக்கத் தவசிக்கனியும் பள்ளத்தில் இறங்கினார்கள். வெள்ளத்தாயும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். போல்ட்டில் ஸ்பேனர் பட்டதும் வைகுண்டம் விரலை அசைத்தார், மேளம் எழுந்தது. அந்தச் சின்ன இடத்தில் தகரக்கூரை அதிர, காரின் கண்ணாடிகள் அதிர, மார்க்கூடு அதிர, உறுமி உறுமத் தவில் இடிக்க, கூட்டத்தின் பின்னாலிருந்த இளைஞர்கள் ஆடத் தொடங்கினார்கள், குழந்தைகள் தோள்மேல் ஏறின, பெண்கள் குலவையிட்டார்கள். நீதி கேட்க வந்தவர்களும் தாளத்துக்குத் தலையசைத்தார்கள்.

பள்ளத்தில் ஆயில் இறங்கிற்று. எஞ்சின் ஆயிலைப்போல் அது ஓடிவரவில்லை. தடித்து, தயங்கி, ஒவ்வொரு சொல்லாக இறங்கிற்று. வெள்ளத்தாய் தரையில் பக்கவாட்டில் படுத்து, டப்பாவின் விளிம்பில் காதை வைத்துக்கொண்டாள். ஆயில் அவள் கன்னத்தில் தெறித்தது. தவசிக்கனி விளக்கை அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. எதிர்ப்பக்கம் லூர்துராஜ் குனிந்திருந்தான். மேலே இருந்த அத்தனை பேருக்கும் மேளம் கேட்டது. அந்த மூவருக்கும் ஆயில் கேட்டது.

முதலில், கார் வந்த நாளின் பூசைமணி. பிறகு யார் யாருடைய கல்யாணமோ, பிரசவ வலியோ, சிரிப்போ. பிறகு பொன்மலரின் மூச்சு. “அண்ணே, சீக்கிரம் போங்கண்ணே. தலை சுத்துது.” பிறகு வைகுண்டத்தின் குரல்: “கொஞ்சம் மெதுவாவே போ, தவசி.” பிறகு கியர் ஒன்று குறையும் ஒலி. அதன்பின், பணிவும் உதவும் ஆர்வமும் கலந்த தம் சொந்தக் குரலைத் தவசிக்கனி கேட்டார்: “உப்பளத்தச் சுத்திப் போயிருவமா மொதலாளி? அந்த வழின்னா பொழுது சாஞ்சிரும். டயரு பஞ்சர்னு சொல்லிக்கிடலாம்.”

பதினோராண்டாக வழவழப்பாக்கிய வாக்கியம் அங்கே முடிந்துபோயிற்று. அவர் கையில் விளக்கு அசையாமல் எரிந்தது.

ஆயில் இன்னும் இறங்கியது. நெடுநேரம் எஞ்சின் ஒலி. பிறகு பொன்மலர், இம்முறை திடீர்த் தெளிவோடு, கிட்டத்தட்ட மகிழ்ச்சியோடு: “அண்ணே, அந்தா எங்கம்மா! பாத்தியில நிக்கா. ஒரு நிமிசம் நிப்பாட்டுங்கண்ணே. அம்மா! யம்மா!” யாரோ கண்ணாடியை ஏற்றும் ஒலி.

அன்று உப்புப் பாத்தியில் நின்றபோது வெள்ளைக் கார் ஒன்று போனதும், புழுதி கண்ணில் விழாமல் இருக்கத் தான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டதும் வெள்ளத்தாய்க்கு நினைவு வந்தன. அவள் டப்பாவிலிருந்து காதை எடுத்தாள். ஒரு பக்கம் கறுத்த முகத்தைத் திருப்பித் தவசிக்கனியைப் பார்த்தாள்.

“ஒன்னைய அண்ணேன்னுலா கூப்பிட்டிருக்கா,” என்றாள்.

மேளம் நின்றபோது ஆயிலின் கடைசி நூலும் அறுந்து விழுந்திருந்தது. மூவரும் மேலே ஏறினார்கள். வெள்ளத்தாய் கூட்டத்தைப் பார்த்து, கேட்டதைக் கேட்டவாறே, முதலாளி சொன்னது, ஓட்டுநர் சொன்னது, மகள் சொன்னது என்று ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். பிறகு முன்வரிசையிலிருந்து வைகுண்டம், மிகுந்த பொறுமையோடு, “பெத்த மனசு. அதுக்கு அப்படித்தான் கேக்கும். கூட இருந்தவங்க சொல்லட்டும்” என்றார்.

“எங்களுக்கு மேளந்தான் கேட்டுது,” என்றான் ஒருவன், குறைபட்டுக்கொள்வதுபோல.

“லூர்து, ஒனக்கு என்ன வே கேட்டுது?”

லூர்துராஜ் தன் கைகளைப் பார்த்தான். தன் ஒர்க் ஷாப்பின் இடம் யாருடையது என்பது அவனுக்குத் தெரியும். “நான் போல்ட்டப் பாத்துட்டு இருந்தேன். மேளச் சத்தத்துல ஒண்ணும் வெளங்கல” என்றான்.

“தவசி அண்ணாச்சி?”

அத்தனை முகங்களும் அவர்பக்கம் திரும்பின. ஒரு சொல் சொன்னால் போதும் என்பதும், அதைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் இனி வராது என்பதும் அவருக்குத் தெரிந்தன. மாலைபோட்ட ஊர் அது. வெள்ளத்தாய் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள், கெஞ்சவில்லை.

“ஒண்ணும் பேசல,” என்றார் தவசிக்கனி. “பழைய ஆயிலு. செத்துப்போச்சு.”

கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. அது ஏமாற்றமா நிம்மதியா என்று பிரித்துச் சொல்ல முடியாது. யாரோ மேளக்காரர்களைப் பார்த்து, வந்ததுக்கு ஒரு உருப்படியாவது நல்லா வாசிச்சுட்டுப் போங்க என்றார்கள். அவர்களும் வாசித்தார்கள். வெள்ளத்தாய் தன் முகத்தைத் துடைக்காமலே அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்தாள்; சேலையில் கறை பட்டுவிடும் என்று பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

பின்னர் நடந்தது இதுதான். கியர் பாக்ஸில் புது ஆயில் ஊற்றப்பட்டது. வண்டி இரைச்சல் போடவில்லை, முன்னைவிட மென்மையாகக் கியர் விழுந்தது. இறக்கிய ஆயிலைத் தனக்குத் தரும்படி வெள்ளத்தாய் மறுநாள் வந்து கேட்டாள். அதற்குள் கட்டடக் குத்தகைக்காரர் அதை வாங்கிப்போய்ச் சென்டரிங் பலகைகளில் பூசிவிட்டார். அந்தப் பலகைகள்மேல் வார்த்த கூரை இன்றும் வைகுண்டம் கல்யாண மண்டபத்தின் கூரையாக இருக்கிறது. வெள்ளத்தாய் ஊராட்சித் தலைவர்மேல் அவதூறு சொன்னாள் என்று கூட்டம் கூடி முடிவெடுத்தது. குழாயடியில் அவளுக்கு முறை கிடையாது என்றார்கள். அவள் உப்பளத்து நீர்த்தொட்டியிலிருந்து குடித்தாள். இரண்டு கோடை தாண்டிச் சிறுநீரகம் கெட்டு அவள் விழுந்தபோது, ஊரில் அந்நேரம் கிடைத்த கார் தவசிக்கனியுடையது ஒன்றுதான். அவர் நேர்வழியில், மிக வேகமாக ஓட்டினார். வழிநெடுக அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. அவள் ஆஸ்பத்திரி வாசலில் இறந்தாள். அடுத்த முறை ஆயில் இறக்கியபோது, வெகுநேரம் அவர் ஒருவருடைய குரல் மட்டும், “யக்கா, ஏதாவது பேசுங்க, யக்கா” என்று கேட்டுக்கொண்டே இருந்தது. கூட்டத்துக்குச் சலிப்பு உண்டாகி, பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள்.